நூல் கட்டிய காய்கள்

விசிட்டிங் கார்டில் 'அனுபவ இயக்குநர்' என்று அச்சடித்துக்கொண்ட நாளிலிருந்து அவனை எல்லோரும் டைரக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். சினிமாக்காரர் என்று நம்பி ஒரு லாரி டிரைவர் தன் மகளின் போட்டோவைக் கொடுத்து வாய்ப்புக் கேட்டுவிட்டுப் போனதும் உண்டு. டைரக்டர் அவரைத் திருத்தவில்லை. போட்டோவை வாங்கி, "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

அவன் நடத்தியது பண்ணை விடுதி. வாசல் பலகையில் 'மண்ணோடு ஒரு மௌனம்' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகையின் தலையிலேயே ஒலிபெருக்கி கட்டியிருக்கும். காலையில் ஆறு மணிக்குப் பதிவு செய்த குயில் கூவும். நிஜக் குயில் ஒன்று பக்கத்து மரத்தில் இருந்தது. இரண்டு மாதம் போட்டிக்குக் கூவிப் பார்த்துவிட்டு இடம் மாறிவிட்டது.

விருந்தாளிகளுக்கு அங்கே எல்லாமே அனுபவம்தான். பால் கறக்கும் அனுபவம் அரை மணி. சேற்றில் நடக்கும் அனுபவம் இருபது நிமிஷம். முடிந்ததும் வெந்நீர், வெள்ளைத் துண்டு. 'உழைப்பு அனுபவம்' என்று ஒன்று. பத்து நிமிஷம் மண்வெட்டி பிடித்துவிட்டு, அரை மணி நேரம் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வது. எண்ணெய் தேய்த்து விடுகிறவள் அந்த மண்வெட்டியை இருபது வருஷம் பிடித்தவள். அவள் முதுகைப் பற்றி அட்டவணையில் எதுவும் இல்லை.

நிலம் அவனுக்கும் அவன் அக்காவுக்கும் பொது. ஆறு ஏக்கரில் ஐந்தில் அவன் குடிசை கட்டி, குடிசைக்குள் ஏசி வைத்து, ஏசியை ஓலைத் தட்டி போட்டு மறைத்திருந்தான். மிச்சம் ஒரு ஏக்கர், வாய்க்காலை ஒட்டிய நல்ல மண், அக்காவிடம் இருந்தது. அதில் அவள் இரும்புக் குழாய் நட்டு, வெள்ளை வலை போர்த்தி, நெட் ஹவுஸ் போட்டிருந்தாள். உள்ளே குடைமிளகாய். சமையலுக்கு இல்லை, விதைக்கு.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் டைரக்டர் செய்த காரியத்தின் பெருமை விளங்காது.

விதைக் கம்பெனி இரண்டு வகை நாற்று கொடுக்கும். ஒன்று அம்மாச் செடி, ஒன்று அப்பாச் செடி. அம்மாச் செடியின் மொட்டு தானாக மலர்வதற்கு முந்தின சாயங்காலம் அதைச் சின்ன இடுக்கியால் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை அப்பாச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தொட்டு வைக்க வேண்டும். உடனே அந்தப் பூவின் காம்பில் ஒரு சிவப்பு நூல். மொட்டு ஒரு பட்டாணி அளவு. இதை ஒரு நாளைக்கு ஓர் ஆள் நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். இப்படி ஐந்து வாரம். கம்பெனிக்காரர்கள் இதை 'கிராஸிங்' என்பார்கள். வேலை செய்யும் பெண்கள் 'கல்யாணம் பண்ணி வைக்கிறது' என்பார்கள்.

அந்தக் காய்க்கு அப்பன் யார் என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்தச் சிவப்பு நூல். நூல் இல்லாத காய் தானாகக் காய்த்தது. கடைசியில் அவற்றையெல்லாம் பறித்து எறிந்துவிட்டு, நூல் கட்டிய காய்களை மட்டும் பழுக்க விட்டு விதை எடுப்பார்கள். இரண்டும் கலந்துபோனால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. எங்கேயோ ஒரு விவசாயி அந்த விதையை வாங்கி விதைத்து, உரம் போட்டு, தண்ணீர் கட்டி, இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்துகொள்வான், தன் வயலில் பாதி ஒன்றுக்கும் ஆகாத செடி என்று.

அக்காவுக்கு இது கேள்வி ஞானம் இல்லை. பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் இப்படிக் கலந்த விதையை வாங்கி நட்டு, ஒரு வயல் முழுக்கப் பிடுங்கிப் போட்டவள் அவள். அன்றைக்கு விதை விற்ற கடைக்காரர், "மண்ணு கோளாறும்மா" என்று சொல்லி அனுப்பினார். அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. விதை எடுக்கிற வேலைக்கு வந்ததே அந்தக் கோபத்தில்தான்.

டைரக்டருக்கு அந்த ஒரு ஏக்கர் மேல் கண். அங்கே சேற்றுக் குளம் வெட்டி, விருந்தாளிகளைக் கழுத்தளவு உட்கார வைக்க வேண்டும் என்று வரைபடம் எல்லாம் போட்டு வைத்திருந்தான். போன வருஷம் சண்டை முற்றி, சித்தப்பாவை உட்கார வைத்துப் பேசினார்கள். இந்தப் போக விளைச்சலைப் பார்க்க வரும் கம்பெனி ஆபீசர் பாஸ் என்று கையெழுத்துப் போட்டால், டைரக்டர் இனி நெட் ஹவுஸ் பக்கமே பேச்செடுக்கக் கூடாது. ரிஜெக்ட் என்று எழுதினால், அக்கா வலையைச் சுருட்டிக்கொண்டு இடத்தைக் கொடுத்துவிட வேண்டும். சித்தப்பா இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

கிராஸிங் நல்லபடியாக முடிந்தது. நூல் இல்லாத காய்களைப் பறிக்கும் வேலைதான் பாக்கி. அதற்குள் கம்பெனி அவளை மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது. 'தரக் கட்டுப்பாடு' என்பது தலைப்பு. அவள் நெட் ஹவுஸைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள். மாற்றுச் சாவி விடுதி ஆபீஸில் ஆணியில் தொங்கியது. அதை அவள் நினைக்கவில்லை. தம்பி நெட் ஹவுஸுக்குள் கால் வைத்ததே கிடையாது. உள்ளே வேர்க்கும்.

திங்கட்கிழமை காலை திரும்பி வந்தவள் பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே நெட் ஹவுஸுக்குப் போனாள். கதவுக்கு வெளியே ஆறு பெண்களும் கூடையோடு காத்திருந்தார்கள். அதில் மூத்தவளுக்கு 'இடுக்கி' என்று பேர். கையில் இருக்கும் கருவிக்காக வந்த பேர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவள் வாய்க்காக வந்தது.

கதவைத் திறந்ததும் அக்காவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பத்திரண்டு வரிசையிலும் சிவப்புப் புள்ளி புள்ளியாக நூல். இத்தனையா பிடித்திருக்கிறது என்று நினைத்தாள். இரண்டாவது வரிசையில் ஐந்தாவது செடியின் முன்னால் நின்றாள். ஒரு மொட்டைப் பிடித்துத் திருப்பினாள்.

"இதுக்கு யாருடி நூல் கட்டுனது?"

இடுக்கி எட்டிப் பார்த்தாள். "மொட்டுக்கா? நான் இல்லக்கா."

"இது இன்னும் கண்ணையே தொறக்கல. கிராஸிங் முடிஞ்சு எட்டு நாள் ஆச்சு."

"தொட்டில்ல கெடக்கிறதுக்கு யாரு தாலி கட்டுனது?" என்று இடுக்கி சிரிக்கப் போனாள். அடுத்த செடியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த செடியில் ஒரு இலையின் காம்பில் நூல். அதற்கடுத்ததில் எலுமிச்சை அளவு வளர்ந்த காயில் நூல். செடியைத் தாங்கும் கயிற்றில் இரண்டு. சொட்டுநீர்க் குழாயில்கூட ஒன்று இருந்தது, ரிப்பன் மாதிரி பூ முடிச்சுப் போட்டு. அக்கா நடந்தாள். பத்தாவது வரிசை, இருபதாவது வரிசை, கடைசி வரிசை. நூல் இல்லாத ஒரு காய் அவள் கண்ணில் படவில்லை.

"டைரக்டர் ஆளுங்களக் கூட்டிட்டு உள்ள வந்திருக்காரு" என்றாள் ஒருத்தி. "நாங்க லீவுலல்ல இருந்தோம்?"

"முடிச்சப் பாத்தாத் தெரிஞ்சிடும்" என்றாள் அக்கா. அவள் குரல் இன்னும் அமைதியாகத்தான் இருந்தது. "நம்ம முடிச்சு வேற. ரெண்டு சுத்து, ஒரு செருகு. வந்தவனுக்கு அது வராது. நம்ம முடிச்ச வச்சிட்டு மிச்சத்தைப் பறிச்சிடலாம்."

ஐந்து பெண்களும் தலையாட்டினார்கள். இடுக்கி மட்டும் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயை மூடிக்கொண்டு நின்று யாரும் பார்த்ததில்லை.

"ஏன்டி?"

"அக்கா... வெள்ளிக்கெழம சாப்பாட்டு ஹால்ல என்னைக் கூப்புட்டாரு. ஜனங்களுக்கு நம்ம முடிச்சச் சொல்லிக் குடுன்னாரு. குச்சியில கட்டிக் காட்டுனேன். குச்சியிலதான் கட்டப் போறாங்கன்னு நெனச்சேன்க்கா, சத்தியமா."

"எத்தன பேருக்கு?"

"நாப்பது இருக்கும். பாதிப் பேருக்கு நல்லா வந்திச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "கை தட்டுனாங்கக்கா. இந்தக் கைய வச்சு எத்தன வருஷமா வேல செய்யுறேன், ஒருத்தரும் தட்டுனதில்ல. அட்டையில பட்டம் வேற குடுத்தாரு. முடிச்சுக் கலைஞர்னு."

அக்கா அவளைத் திட்டவில்லை. திட்ட வேண்டிய ஆள் வேறு இடத்தில் இருந்தான்.

விடுதி வரவேற்பறையில் டைரக்டர் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து மடிக்கணினி தட்டிக்கொண்டிருந்தான். வைக்கோல் உறுத்தும் என்பதால் உள்ளே பஞ்சு மெத்தை வைத்துத் தைத்திருந்தது. அவனுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகள். மேலே பெரிய எழுத்தில் 'வேண்டுதல் சுவர்'.

"அக்கா! வந்துட்டியா! உன் நெட் ஹவுஸ்தான் இந்த வாரம் ஹிட்டு" என்றான். "எழுபது பேரு வந்தாங்க. அழுதுட்டாங்க, தெரியுமா?"

"நூல எங்கருந்துடா எடுத்த?"

"உன் ஸ்டோர் ரூம்லதான். வேற கலர் வாங்கலாம்னு சொன்னாங்க. நாந்தான், வேணாம், அக்கா வச்சிருக்கிற அதே நூல்தான் வேணும்னேன். நமக்கு ஒரிஜினல் முக்கியம்." அவன் எழுந்து கையை விரித்தான். வெளியூர்க் கூட்டத்துக்குப் பேசும் குரல் வந்துவிட்டது. "யோசிச்சுப் பாரு. ஒரு செடி. ஒரு மனுஷன். நடுவுல ஒரு நூல். மனசுல நெனச்சுக் கட்டுறாங்க. காய் வளர வளர வேண்டுதலும் வளருது. நல்லா வளர்ந்த காயாப் பாத்துக் கட்டுங்கன்னு நானே சொன்னேன்."

"அந்த நூல் எதுக்குன்னு உனக்குத் தெரியாது?"

"அழகுக்கு இல்லையா?"

அவன் பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தன் வீட்டுக் கொல்லையில் நடக்கும் வேலை எதற்கு என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. விருந்தாளிகளிடம் 'எங்கள் மரபு' என்று தினமும் ஒரு மணி நேரம் பேசினான். அதற்கு விஷயம் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அக்கா சொன்னாள். அப்பாச் செடி, அம்மாச் செடி, நூல், சாட்சி. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், தலையை ஆட்டிக்கொண்டு. கடைசியில், "அட, இது சூப்பர் கதையா இருக்கே. இத ஏன் நீ முன்னாடியே சொல்லல?" என்றான்.

மேசை மேல் ஒரு தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அவள் கை அதன் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"இந்த அட்டையெல்லாம் நூலோட கட்டியிருந்துச்சா?"

"ஆமா, ஒவ்வொண்ணுலயும். நேத்துதான் ஆளவிட்டு வெட்டி எடுத்து இங்க ஒட்டுனேன். ஈரம் பட்டு மை கலைஞ்சிருச்சு. மழை அனுபவம் வச்சோம்ல, அங்கயே உள்ள ஸ்பிரிங்க்ளர் போட்டு."

அட்டை இருந்திருந்தால் எது எவன் கட்டியது என்று தெரிந்திருக்கும். தூசியாவது இருந்திருந்தால் பழைய நூல் எது, புதிய நூல் எது என்று தெரிந்திருக்கும். முடிச்சை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதற்கு வகுப்பே எடுத்திருக்கிறான். ஒரு பயிரைக் கெடுக்க வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போடுகிறவனுக்குக்கூட ஒரு வழி மறந்துபோகும். இவனுக்கு ஒன்றும் மறக்கவில்லை. திட்டம் போடாமலே முடித்திருந்தான்.

அவள் சுவரைப் பார்த்தாள். 'மேனேஜர் மாற வேண்டும்.' 'கணவர் குறட்டை நிற்க வேண்டும்.' 'மூன்றாவது மாடிக்கு அனுமதி கிடைக்க வேண்டும்.' 'உலக அமைதி.' அதே கையெழுத்தில் அதற்குக் கீழேயே, 'புது கார்.' ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டே போனவள், கீழ் வரிசையில் ஓர் அட்டையின் முன்னால் குனிந்தாள். அதை உரித்து எடுத்து, பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்துக்க, எடுத்துக்க" என்றான் டைரக்டர், போனைப் பார்த்தபடி. "உனக்குப் பிடிச்சிருந்தா ஃபிரேம் போட்டே தர்றேன்."

ஆபீசர் வர இரண்டு நாள் இருந்தது. ஏழு பேரும் இரண்டு நாளும் குனிந்தபடியே இருந்தார்கள். மொட்டில் கட்டியது, இலையில் கட்டியது, புதுப் பூவில் கட்டியது எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டார்கள். அவை சுலபம். எலுமிச்சை அளவுக் காய்களிடம் வந்தபோதுதான் கை நின்றது. ஒரே வயசு, ஒரே நிறம், ஒரே நூல், ஒரே முடிச்சு. இடுக்கி ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்து, "இது நான் கட்டுனது", "இதுவும் நான்தான்", "இது... நானா இருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு காயைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியலக்கா. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன் போல."

"சந்தேகம் இருக்கிறதெல்லாம் பறிச்சிட்டா?" என்றாள் ஒருத்தி.

"எல்லாத்துலயும்தான் இருக்கு" என்றாள் அக்கா.

புதன்கிழமை பத்து மணிக்குக் கம்பெனி ஆபீசர் வந்தார். ஊருக்குள் அவருக்குச் சல்லடை என்று பேர். அவரிடமிருந்து எதுவும் தப்பாது என்பது பரவலான நம்பிக்கை. அதை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். கையில் அட்டைப் பலகை, கழுத்தில் பூதக்கண்ணாடி, சட்டைப் பையில் மூன்று கலரில் பேனா. பாஸ் போடப் பச்சை, ரிஜெக்டுக்குச் சிவப்பு. நீலம் எதற்கென்று யாருக்கும் தெரியாது.

டைரக்டரும் கூடவே வந்துவிட்டான். அன்றைக்கு வேறு ஏதோ ஒரு கம்பெனிக் கூட்டம் விடுதியில் தங்கியிருந்தது. மஞ்சள் தொப்பி போட்ட இருபது பேர் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். டைரக்டர் அக்காவின் காதருகே வந்தான்.

"அக்கா, நீ பாட்டுக்கு எதையும் உளறி வைக்காத. அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாது."

"பாஸானா இடம் எனக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. எனக்கு இப்ப இடம் வேணாம். நூல் கட்டுற ஐடியாவே நல்லாப் போகுது. நெட் ஹவுஸ் இருந்தாத்தான அது நடக்கும்? நீ விதை எடு, நான் நூல் கட்ட விடுறேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

சல்லடை வரிசை வரிசையாக நடந்தார். அவருடைய விதி ஒன்றுதான். நூல் இல்லாத காய் ஒன்று கண்ணில் பட்டாலும் ரிஜெக்ட். அவர் குனிந்தார், இலையை விலக்கினார், பூதக்கண்ணாடியைப் பிடித்தார். முதல் வரிசை. இரண்டாவது வரிசை. கடைசி வரிசைக்கு வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"அம்மா, பதினாறு வருஷ சர்வீஸ்ல நான் இப்படிப் பாத்ததில்ல" என்றார். "நூல் இல்லாத காய் ஒண்ணுகூட இல்ல. ஒண்ணு! போன வாரம் ஒரு ஆள் கெஞ்சினாரு, ரெண்டே ரெண்டு காய்க்கு. சிவப்புல போட்டுட்டு வந்தேன். எங்கிட்ட எதுவும் தப்பாது." பச்சைப் பேனாவைத் திறந்தார். "உங்களப் பத்தி நான் மேலயே எழுதப் போறேன்."

டைரக்டர் கை தட்டினான். வேலிக்கு வெளியே மஞ்சள் தொப்பிகளும் காரணம் தெரியாமல் தட்டின. இடுக்கி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

பேனா காகிதத்துக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் இருந்தது. அவள் சும்மா நின்றால் போதும். ஒரு ஏக்கரும், வாய்க்காலும், ஆறு பேரின் வேலையும், தம்பியின் வாய்க்கு ஒரு பூட்டும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்லை. எங்கேயோ முகம் தெரியாத ஒருத்தன் இரண்டு மாதம் தண்ணீர் கட்டிவிட்டு, கடை வாசலில் போய் நிற்பான். மண்ணு கோளாறுங்க என்று யாராவது அவனுக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

"சார், சிவப்ப எடுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"கலந்து போச்சு. இதுல பாதி நூல் நாங்க கட்டுனது இல்ல. எந்தப் பாதின்னு எங்களுக்கே தெரியாது. ரிஜெக்ட்னு எழுதுங்க."

சல்லடை அவளைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், தன் பேனாவைப் பார்த்தார். பதினாறு வருஷ சர்வீஸ் ஒரு நிமிஷத்தில் அவர் முகத்திலிருந்து வடிந்தது. "ஆனா... எல்லாத்துலயும் நூல் இருக்கே?"

"அதான் சார் கோளாறு."

"அக்கா வெளாட்றா சார்" என்றான் டைரக்டர். "பயணக் களைப்பு. நீங்க போடுங்க."

"டேய், வாய மூடு." நெட் ஹவுஸுக்குள் அதுவரை யாரும் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "பன்னெண்டு வருஷமா இங்க என்ன நடக்குதுன்னு ஒரு நாள் எட்டிப் பாத்திருக்கியாடா நீ? மாடு கறக்கத் தெரியாது, மம்பட்டி புடிக்கத் தெரியாது, மண்ணப் பத்தி மைக்குல மட்டும் பேசத் தெரியும். அஞ்சு வாரம் ஏழு பேரு கண்ணு போக உக்காந்து செஞ்சத, நீ மூணு நாள் லீவுல ஊர்ப்பட்ட மனுஷனுக்கு வெளாட்டுச் சாமானாக் குடுத்திருக்க. அழகுக்குன்னு நெனச்சியாம்ல, அழகுக்கு!"

சல்லடை சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டிருந்தார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. என்ன எழுதட்டும்? ரெண்டு போகத்துக்கு உங்களுக்கு நாத்து தர மாட்டாங்க, தெரியும்ல?"

"தெரியும். காரணத்துக்கு இத வச்சுப் பின் அடிச்சிடுங்க."

பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். சல்லடை பூதக்கண்ணாடி வைத்து, மை கலைந்த எழுத்தை உரக்கப் படித்தார்.

"'நெட் ஹவுஸ் இடம் சீக்கிரம் என் கைக்கு வர வேண்டும்.'" அவர் நிமிர்ந்தார். "யாரோடதும்மா இது?"

டைரக்டர் வலையை அண்ணாந்து பார்த்தான், அதில் ஏதோ பழுது இருக்கிற மாதிரி. எழுபது பேரின் சுவரில் பலித்தது அந்த ஓர் அட்டைதான்.

"சும்மா ஒரு ஜாலிக்கு எழுதுனதுக்கா" என்றான் கடைசியில். "எல்லாரும் எழுதுறாங்க, நாமளும் எழுதலன்னா நல்லா இருக்காதேன்னு."

சல்லடை பின் அடித்தார். கம்பெனி விதிப்படி, ரிஜெக்ட் ஆன பயிரை அன்றைக்கே, ஆபீசர் பார்க்க, பிடுங்கி அழிக்க வேண்டும். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் வரிசையின் முதல் செடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வேரோடு வந்தது. காய்கள் தரையில் உருண்டன.

வேலிக்கு வெளியே ஒரு மஞ்சள் தொப்பி போனைத் தூக்கியது. இன்னொன்று, "நாங்களும் வரலாமா?" என்று கேட்டது.

டைரக்டரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவமானம் அவனிடம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தங்கியதில்லை. "வாங்க, வாங்க! ஃபிரெண்ட்ஸ், இது நம்ம அட்டவணையிலயே இல்லாத ஒண்ணு. விடுதலை அனுபவம். மனசுல இருக்கிற வேண்டாததெல்லாம் நெனச்சுக்கிட்டு, ஆளுக்கு ஒரு செடி, வேரோட. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

இருபது பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு செடியைக் கட்டிப் பிடித்தாள். ஒருவர் போனை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டி, "கோபமாவே இருங்கம்மா, நல்லா வருது" என்றார்.

அக்கா கையில் இருந்த செடியைக் கீழே போட்டாள். அந்த ஆளின் போனை வாங்கினாள், அவர் சட்டைப் பையிலேயே செருகினாள், அவர் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

"வெளிய போங்க. எல்லாரும். இது டிக்கெட் வாங்கிப் பாக்கறதில்ல."

"அக்கா, கெஸ்ட்டுக்கா—"

"நீ முதல்ல போடா."

இடுக்கி அதற்குள் கையில் ஒரு செடியை வேரும் மண்ணுமாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். "போறீங்களா, முதுகுக்கு எண்ண தேய்க்கட்டுமா?" என்றாள். கூட்டம் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியேறியது. கதவு உள்ளேயிருந்து சாத்தப்பட்டது. சல்லடை மட்டும் ஓரமாக நின்றார், பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு. அவரை யாரும் போகச் சொல்லவில்லை.

ஏழு பேரும் முப்பத்திரண்டு வரிசையையும் பிடுங்கினார்கள். பேச்சுச் சத்தத்துக்குப் பதில் வேர் அறுகிற சத்தம்தான் கேட்டது. வெளியே ஒலிபெருக்கி விருந்தாளிகளுக்கு மௌனத்தின் மேன்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசிச் செடி வந்தபோது மூன்று மணி. சல்லடை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அக்கா ஏணியை எடுத்துச் சாத்தி மேலே ஏறினாள். வலையைக் கட்டியிருந்த கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினாள். வெள்ளை வலை பக்கம் பக்கமாகச் சரிந்து விழுந்தது. கீழே இரண்டு பேர் அதைச் சுருட்டினார்கள். மற்றவர்கள் ஸ்பேனர் வைத்துக் குழாய்களைக் கழற்றினார்கள். இடுக்கி ஏழு இடுக்கிகளையும் துடைத்து, 'முடிச்சுக் கலைஞர்' பட்டத்தில் வைத்துச் சுற்றினாள். நல்ல கெட்டி அட்டை.

"எங்கக்கா போறோம்?" என்றாள்.

"தெரியலடி. முதல்ல எடு."

டைரக்டர் தயங்கித் தயங்கி வந்தான். ஒரு கையில் சேற்றுக் குளத்தின் வரைபடம் இருந்தது. "அக்கா, வலைய மட்டும் விட்டுட்டுப் போயேன். குளத்துல உக்கார்றவங்களுக்கு நிழலா இருக்கும்."

அவள் ஏணியிலிருந்து இறங்கவில்லை. கடைசிக் கம்பியை வெட்டினாள். அவன் தலைக்கு மேல் இருந்த வலை போய், வெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது.

"வலை என்னுது. பைப்பு என்னுது. மண்ணுதான உனக்கு வேணும்? எடுத்துப் பூசிக்கோ."